தேன் எடுத்தவனும் புறங்கையும்

சிவாலயத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு வெளியேறும் அடியார்கள், சண்டேசுவரர் சந்நிதியிலே சற்று நின்று, இரண்டு கைகளையும் மெல்லத் தட்டியோ துடைத்தோ காட்டிச் செல்வது நெடுங்கால வழக்கம். இந்த ஆலயத்துப் பொருள் எதனையும் கொண்டு செல்லவில்லை என்று அவருக்கு அறிவிப்பதே அதன் கருத்தென மக்கள் விளக்கம் கூறுவர். சிவத்தியானத்தில் இருப்பவரைப் பெருஞ்சத்தம் எழுப்பிக் குழப்புதல் ஆகாது என அர்ச்சகர்கள் அவ்வப்போது கண்டிப்பதும் உண்டு. அது வேறு விடயம். கணக்கப்பிள்ளை ஒருவரின் முன்னால் கையை விரித்துக் காட்டுவது போன்ற ஒரு செயல் வழிபாட்டின் பகுதியாகவே அமைந்துள்ளமை ஈண்டு குறிப்பிடத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுக்களிலே கோயில் நிலங்களை விற்றலும் வாங்கலும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே நடைபெற்றன. இறைவனுடைய சொத்துக்கு அவரே பொறுப்பாளர் எனக் கொள்ளப்பட்டார்.

"சிவன் சொத்து குலநாசம்" என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே சைவ வீடுகளில் பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர். கோயில் நந்தவனத்துப் பூவொன்றைக் கொய்து தலையில் வைப்பதற்குக்கூடப் பெண்கள் தயங்குவர். அபிஷேகத்துக்கு வந்த இளநீரில் ஒன்றை வழியில் வெட்டிக் குடித்தவனை ஊரே ஏசும். ஆயினும் அதே வாயிலிருந்து இன்னொரு பழமொழியும் வருவதுண்டு: "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" முதலாவது பழமொழி கோயிலுக்கு, இரண்டாவது கந்தோருக்கும் களஞ்சியத்துக்கும் துறைமுகத்துக்கும். இவ்விரண்டும் ஒரே வீட்டில் சண்டையின்றி எவ்வாறு குடியிருக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலைத்தலமும் கைப்பழக்கமும்

திருகோணமலை மாவட்டத்தின் வாழ்வு வேலைத்தலங்களோடு பிணைந்தது. 1795இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியர் இங்கு தமது கடற்படைத் தளத்தை வளர்த்தெடுத்தனர். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரைக்கும் பல தலைமுறையினர் அதன் பட்டறைகளிலும் பண்டகசாலைகளிலும் உழைத்தனர். அதன் பின்னரும் துறைமுகம், சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், மா ஆலை, சீமெந்து ஆலை, அரசாங்கக் கந்தோர்கள், கூட்டுறவுச் சங்கங்கள், வைத்தியசாலைகள் என்பன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டு வந்துள்ளன. வயலையும் கடலையும் நம்பியவர் தம் பொருளைத் தாமே கையாளுவர். சம்பளத்தை நம்பியவரோ நாள் முழுவதும் பிறருடைய பொருளைக் கையாள வேண்டியவர். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

வேலைத்தலக் களவு என்றதும் இரும்புப் பெட்டியை உடைப்பவனே பலரது நினைவுக்கு வருவான். உண்மையில் அது துளித்துளியாக நடப்பது. லொறியிலிருந்து இறக்கிய இரண்டு லீற்றர் டீசல். நிற்காத நேரத்துக்கு எழுதிய மேலதிக நேரக் கொடுப்பனவு. கடைக்காரரிடம் வெற்றுப் பற்றுச்சீட்டை வாங்கித் தாமே நிரப்பிய தொகை. நனைந்துவிட்டது எனக் கழிவில் எழுதப்பட்ட நல்ல மூடை. வைத்தியசாலை அலுமாரியிலிருந்து அயல்வீட்டுக்குப் போன மருந்து. ஒரு கையொப்பத்துக்காக மேசைக்குக் கீழே நீட்டப்படும் "தேத்தண்ணிக் காசு". இவற்றைப் பேசும்போது பாவிக்கப்படும் சொற்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். களவு என்ற சொல் அகப்படவே மாட்டாது. "எடுத்தது", "சமாளித்தது", "பார்த்துச் செய்தது", "சந்தோசத்துக்குக் கொடுத்தது" என்பனவே அங்கு வழங்கும் சொற்கள். களவு பிழை என்று தெரியாதவர் எவரும் இல்லாதபடியினாலேயே இத்தனை மாற்றுச் சொற்கள் தேவைப்படுகின்றன.

கோட்புலியார் வீட்டு நெல்

இந்த விடயத்தை மிக நுட்பமாக எடுத்துக்காட்டும் வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. கோட்புலி நாயனார் சோழநாட்டு நாட்டியத்தான்குடியைச் சேர்ந்தவர். சோழ மன்னரின் சேனாபதி. அரசரிடம் பெற்ற ஊதியத்தைக் கொண்டு நெல் வாங்கிச் சிவாலயத் திருவமுதுக்கென வழங்குவதே அவர் நெடுங்காலம் செய்துவந்த தொண்டு. ஒருமுறை போருக்குப் புறப்பட வேண்டி வந்தபோது, தாம் திரும்பும் வரைக்கும் போதுமான நெல்லைக் கூடு கட்டிச் சேமித்துவைத்தார். உறவினர்களைத் தனித்தனியே அழைத்து, இந்நெல்லைத் தமக்கென எடுக்க நினைப்பதும் ஆகாது என இறைவன் பெயரால் ஆணையிட்டுச் சென்றார்.

அவர் போனபின் பஞ்சம் வந்தது. உறவினர் பசியால் வாடினர். கூட்டில் நெல் இருந்தது. உண்ணாமல் இறப்பதிலும் பார்க்க இந்நெல்லை உண்டு பிழைத்து, பின்னர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என எண்ணி எடுத்து உண்டனர்.

சேக்கிழார் இவர்களைத் தீயவர்களாகவோ பேராசைக்காரராகவோ சித்திரிக்கவில்லை. அவர்களுடைய பசி உண்மையானது. நெல்லோ வேற்றார் வீட்டு நெல்லன்று. தம் குடும்பத்தவர் ஒருவர் சேர்த்தது. திருப்பிக் கொடுக்கும் எண்ணமும் இருந்தது. எந்த வீட்டிலும் எவருக்கும் தோன்றக்கூடிய நினைப்பே அவர்களுக்கும் தோன்றியது. அவ்வாறிருந்தும், போர் முடிந்து திரும்பிய நாயனார் உறவினரையெல்லாம் வரவழைத்து, வாயிலுக்குக் காவல் வைத்து, தந்தை தாய் என்றும் பாராது அனைவரையும் வாளால் வெட்டினார். எஞ்சியிருந்த பச்சிளங்குழந்தை அந்நெல்லை உண்ணவில்லையே, குலத்துக்கு ஒரே பிள்ளையே எனக் காவலாளன் இரந்தபோது, நெல்லை உண்டவளின் பாலைக் குடித்தது என்று கூறி அதனையும் விடவில்லை.

கேட்போர் மனம் நடுங்கும் கதைதான். கோட்புலியாரின் வாளை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. குழந்தைக்கு என்ன குற்றம் என்று கேட்பதும் நியாயமே. பிரசங்கங்களிலே இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடுவோரும் உளர். ஆனால் அந்தப் பால் பற்றிய சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது. களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர் இருப்புக் கணக்கில் பிடிபட்டு வேலையிழக்கும் நாளிலே, மாதாமாதம் வந்த மேலதிகப் பணம் எங்கிருந்து வந்ததென்று அறியாத மனைவியும், அதிலே ரியூசன் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளையும், மருந்து வாங்கிய முதிய தாயும் அவரோடு சேர்ந்தே விழுகின்றனர். "பிள்ளைகளுக்காகத்தானே செய்தேன்" என்பவர், அந்தப் பிள்ளைகளைத் தம் செயலுக்கு உடந்தையாக்கிவிடுவதைக் காண்பதில்லை.

திருப்பி வைத்துவிடலாம் என்ற நினைப்புக்கு வருவோம். அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸி, நம்பிக்கை மோசடிக்காகச் சிறைப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களை நேரில் கண்டு ஆராய்ந்து, 1953இல் "பிறருடைய பணம்" என்ற பொருள்பட ஒரு நூலை வெளியிட்டார். அவர் கண்ட முடிவு பின்னர் உலகெங்கும் கணக்காய்வாளர்களின் பாடமாயிற்று. பிறருக்குச் சொல்ல முடியாத ஒரு பணக்கஷ்டம், எடுப்பதற்கான வாய்ப்பு, எடுப்பதைத் தனக்குத்தானே நியாயப்படுத்தும் ஒரு வசனம் ஆகிய மூன்றும் கூடும்போதே நேர்மையாளரெனப் பெயரெடுத்த ஊழியர் கைவைக்கிறார். அவ்வசனம் செயலுக்குப் பின்னர் சொல்லும் சாட்டு அன்று. செயலுக்கு முன்னரே மனதில் ஆயத்தமாகிவிடுவது. அவர் சந்தித்தவர்களிற் பலர் கூறிய வசனமோ, "கடனாகத்தான் எடுத்தேன்" என்பதே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய உறவினரின் வாக்கும் இதுவே அல்லவா!

கடனுக்கும் களவுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிவது கடினமன்று. கடன் வாங்குபவர் உடையவரிடம் கேட்பார், எழுதிக் கொடுப்பார். கோட்புலியாரின் உறவினரால் கேட்க முடியவில்லை. உடையவர் போர்க்களத்தில் இருந்தார். அவருடைய விடையோ முன்கூட்டியே தெரிந்திருந்தது. மரண சகாய நிதியின் பொருளாளர் மகளின் திருமணத்துக்கென அந்நிதியில் ஐம்பதாயிரம் ரூபாவை "மாற்றிக்கொள்ளும்" போதும் நிலைமை இதுவே. சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். கேட்க வெட்கம். எடுக்க அந்த வெட்கம் இருப்பதில்லை. ஏனெனில் எவரும் பார்ப்பதில்லை.

துறைமுகங்களின் வரலாற்றிலே

கப்பல் தளங்களில் இப்பழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இங்கிலாந்தின் அரச கப்பற்பட்டறைகளே சாட்சி. அங்கு மரவேலை செய்த தச்சர்கள், வேலையில் மிஞ்சும் சிராய்களையும் துண்டுகளையும் விறகுக்கென வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமை பெற்றிருந்தனர். மூன்று அடிக்குட்பட்ட துண்டே கழிவு என்று வரையறை வகுத்தார்கள். விளைவு என்னவென்றால், நல்ல மரமே மூன்று அடிக்குட்பட்ட துண்டுகளாக அறுக்கப்படலாயிற்று! வேலை நேரத்திலே கழிவை உண்டாக்குவதும் ஒரு வேலையாயிற்று. பலமுறை தடுக்க முயன்றும் முடியாமற் போய், ஈற்றில் 1801இல் அவ்வுரிமை ஒழிக்கப்பட்டு, அதற்கு ஈடாகச் சம்பளத்தோடு ஒரு தொகை வழங்கப்பட்டது. ஊழியர் பக்கத்திலிருந்து பார்த்தால், குறைந்த கூலியை ஈடுசெய்யவே அந்த மரத்துண்டு வந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கயிற்றுக்கும் ஒரு காவல் வைத்தார்கள். கடற்படைக்கெனத் திரிக்கப்படும் வடங்களின் புரிக்குள்ளே நிறமிட்ட ஓர் இழையைச் சேர்த்து முறுக்கினர். வடத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் உள்ளே அந்த இழை தெரியும். எந்தப் பட்டறையின் கயிறு என்பதும் நிறத்தால் புலப்படும். இதனைக் "கள்வன் இழை" என்ற பொருள்பட அழைத்தனர். மற்றைய பொருள்களில் அம்புமுனை போன்ற குறி பொறிக்கப்பட்டது. இது அரசரின் பொருள், இதற்கு உடையவர் உண்டு என்பதே அக்குறியின் பொருள்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள சென் ஜோன்ஸ் துறைமுகத்தில் கப்பற் சரக்கிறக்கும் தொழிலாளரிடையே ஜெரால்ட் மார்ஸ் என்ற மானிடவியலாளர் செய்த ஆய்வு 1974இல் வெளிவந்தது. அங்கு சரக்கு எடுப்பதற்கும் ஒரு நெறி இருந்ததை அவர் கண்டார். பயணிகளின் பெட்டியைத் தொடலாகாது. அது ஒரு மனிதனுடையது, தொட்டால் களவு. வணிகச் சரக்கை ஓர் அளவுக்கு எடுக்கலாம். அது கம்பனியுடையது, காப்புறுதி உண்டு. அளவை மீறினால் சக தொழிலாளரே கண்டிப்பர். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிற்சாலை ஒன்றை ஆராய்ந்த டொனால்ட் ஹோர்னிங் 1970இல் எழுதியதும் இதனையொத்ததே. தொழிலாளர் அங்குள்ள பொருள்களைக் கம்பனியின் பொருள், தனியாளின் பொருள், யாருடையதென்று உறுதியில்லாத பொருள் என மூன்றாகப் பிரித்தனர். ஆணி, திருகாணி, சிறு உதிரிப்பாகம் முதலியன மூன்றாவது வகை. கை அதிகம் சென்றது அந்த மூன்றாவது வகைக்கே.

சண்டேசுவரர் முன் கையை விரித்துக் காட்டுபவர் கந்தோரிலே ஏன் அவ்வாறு செய்வதில்லை என்ற வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. கோயிற் பொருளுக்கு உடையவர் கண்முன்னே இருக்கிறார். கந்தோர்ப் பொருளுக்கு உடையவர் எவரும் இல்லை என்று மனம் முதலில் தீர்மானித்துக்கொள்கிறது. "அரசாங்கச் சொத்துத்தானே", "கம்பனிக்காரனுக்கு இது ஒரு காசா", "கழிவாகப் போகிறதுதானே" என்ற வசனங்கள் யாவும் உடையவரை அப்புறப்படுத்தும் வசனங்களே. அரசாங்க வைத்தியசாலையிலிருந்து மருந்து போனால், அடுத்த நாள் வெளியே பாமசியில் காசு கொடுத்து வாங்குபவர் மூதூரிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ பஸ் ஏறி வந்த ஒரு நோயாளி. அவர்தாம் உடையவர். ஆனால் அலுமாரிக்கு முன்னால் அவர் நிற்பதில்லை.

மனம் சொல்லும் சமாதானங்கள்

திருகோணமலைத் தளம் கைமாறிய அதே 1957ஆம் ஆண்டில் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்சா என்ற இரு சமூகவியலாளர்கள், தவறு செய்வோர் தம் மனச்சாட்சியை அமைதிப்படுத்தும் முறைகளை ஐந்தாக வகுத்துக் காட்டினர். பொறுப்பு தன்னதன்று என்பது ஒன்று. எவருக்கும் நட்டமில்லை என்பது இரண்டாவது. நட்டப்பட்டவனுக்கு அது வேண்டும் என்பது மூன்றாவது. குற்றஞ்சாட்டுபவன் மட்டும் யோக்கியனா என்பது நான்காவது. இதனிலும் பெரிய கடமைக்காகவே செய்தேன் என்பது ஐந்தாவது. அவர்கள் ஆராய்ந்தது இளங்குற்றவாளிகளைப் பற்றி. எனினும் எந்தக் கந்தோர்த் தேநீர்ச் சாலையிலும் அரை மணித்தியாலம் இருந்தால் இந்த ஐந்தையும் தமிழிலே கேட்கலாம்.

இவற்றுள் இலங்கையிலே மிகவும் செல்வாக்குப் பெற்றது நான்காவது. "மேலே இருக்கிறவன் கோடிக்கணக்கில் அடிக்கிறான், என்ர இரண்டு லீற்றர்தானா பெரிசு?" இதற்கு விடை கூறுவது எளிதன்று, ஏனெனில் மேலேயுள்ளோர் பற்றிய பகுதி பல வேளைகளில் உண்மை. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னர் நிவாரணப் பகிர்வில் நடந்த முறைகேடுகளைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையே 2005இல் சுட்டிக்காட்டியது. ஆனால் மேலேயுள்ளவரின் களவினால் இழந்ததை, கீழேயுள்ளவர் தம் களவினால் அவரிடமிருந்து மீட்பதில்லை. இரண்டு களவும் ஒரே ஏழையின் பானையிலிருந்தே போகின்றன. அன்றியும், இரண்டு லீற்றரால் வாய் அடைக்கப்பட்டவர் கோடியைப் பற்றிச் சாட்சி சொல்ல வரமாட்டார் என்பது கோடி அடிப்பவருக்கு நன்கு தெரியும். சில இடங்களில் மேலதிகாரிகள் சிறு களவைக் கண்டும் காணாமல் விடுவதன் சூட்சுமம் இதுவே.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்பது புதிதாகச் சேர்ந்தவரைப் பிடிக்கும் வலை. ஒரு பிரிவில் ஆறு பேர் மேலதிக நேரத்தைக் கூட்டி எழுதுகையில் ஏழாமவர் சரியாக எழுதினால், அவருடைய தாளே மற்றைய ஆறையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவரை வற்புறுத்துவர், பின்பு ஒதுக்குவர், "பெரிய அரிச்சந்திரன்" என்று பெயரும் சூட்டுவர். நேர்மைக்கு உவமையான மன்னனின் பெயர் ஏளனச் சொல்லாக மாறியிருப்பது கவலைக்குரியது.

சம்பளம் போதாது

இந்தச் சமாதானத்தை ஏனையவற்றோடு சேர்த்துத் தள்ளிவிடலாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிருந்தது. சம்பளம் அவ்வாறு உயரவில்லை. பால்மா, எரிவாயு, பாடசாலைக் கொப்பி என எதுவும் எட்டாத அம்மாதங்களில், களஞ்சியத் திறப்பு கையிலிருந்தும் ஒன்றையும் தொடாது வீடு திரும்பியவர்கள் இம்மாவட்டத்தில் பலர் இருந்தனர். அவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. பிடிபட்டவரின் பெயரே பத்திரிகையில் வரும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிறீன்பேர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு முதலாளிமார் படிக்க வேண்டியது. ஒரு கம்பனியின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீதச் சம்பளக் குறைப்பு செய்யப்பட்டது. ஒன்றில் நிர்வாகம் ஊழியரைக் கூட்டி, காரணத்தை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு விடையளித்தது. மற்றையதில் சில நிமிடங்களில் அறிவித்துவிட்டுப் போயினர். குறைக்கப்பட்ட பணம் இரண்டிலும் ஒரே அளவு. ஆனால் விளக்கம் கொடுக்காத தொழிற்சாலையிலேயே களவு மிக அதிகமாக உயர்ந்தது. மனிதர் பணத்துக்காக மட்டுமன்றி, தம்மை மதியாததற்குக் கணக்குத் தீர்க்கவும் எடுக்கின்றனர் என்பதை இது காட்டுகிறது.

களவு மேலிருந்து கீழாகவும் நடப்பதுண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, தன் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துத் தொழில் தருநர் செலுத்த வேண்டும். கழித்த பணத்தைச் செலுத்தாமலே வைத்துக்கொள்ளும் முதலாளி, தன் கடைப் பையனின் ஆயிரம் ரூபாவைப் பற்றிப் பொலிசுக்குப் போகும்போது, ஊரார் பையன் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. அவ்வாறு சாய்வதனால் பையன் செய்தது சரியாகிவிடாது என்பது வேறு. அவனுடைய சேமலாப நிதிக்குத் தொழில் திணைக்களத்தில் முறையிட வழி உண்டு. எடுத்த ஆயிரத்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

நற்காரியத்துக்காக எடுத்தல்

ஆலயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது ஐந்தாவது சமாதானம். எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பணிக்கோ அன்னதானத்துக்கோ கொடுத்துவிட்டால் மீதி தூய்மையாகிவிடும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. இதற்கு மாணிக்கவாசக சுவாமிகளையும் பத்திராசலம் இராமதாசரையும் எடுத்துக்காட்டுவோரும் உளர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டாரல்லவா? கோல்கொண்டா ஆட்சியில் தாசில்தாராயிருந்த கோபண்ணா, வரிப்பணத்தில் இராமருக்குக் கோயில் எழுப்பினாரல்லவா?

இக்கதைகளை முழுவதும் கேட்க வேண்டும். இரண்டிலும் அரசன் கணக்குக் கேட்கிறான். அவன் கேட்டது பிழை என்று எந்தக் கதையும் கூறவில்லை. வாதவூரர் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். இராமதாசர் பன்னிரண்டு ஆண்டுகள் கோல்கொண்டாச் சிறையில் கிடந்தார். ஈற்றில் தீர்த்தவர் யார்? இராமனும் இலக்குவனும் வந்து தானீஷாவின் பணத்தைக் காசாகவே எண்ணிக் கொடுத்ததாக மரபு கூறுகிறது. மதுரையிலே சொக்கநாதப் பெருமான் மண் சுமந்து பிரம்படியும் பட்டார். அடியாருக்காகக்கூட அரசனின் கணக்கு சும்மா அழிக்கப்படவில்லை. கடவுளே வந்து தீர்க்க வேண்டியதாயிற்று. மேலும், அவ்விருவரும் ஒரு காசையேனும் தம் வீட்டுக்குக் கொண்டு சென்றதில்லை. பத்தில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்து ஒன்பதைத் தாம் வைத்துக்கொள்பவர் தம்மை வாதவூரருக்கு ஒப்பிடுவது அறியாமை.

இதிலே ஆலயங்களுக்கும் பங்குண்டு. ஒரு சாதாரண உத்தியோகத்தர் தம் வருமானத்துக்கு மிஞ்சிய உபயத்தைச் செய்யும்போது பரிபாலன சபை காளாஞ்சி கொடுத்துப் பட்டுச் சால்வை போர்த்துகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமன்று எனக் கருதப்படுகிறது. எல்லாப் பெருங்கொடையும் ஐயத்துக்குரியதன்று. சீட்டுப்பிடித்து, வெளிநாட்டுப் பிள்ளையின் உதவியால், வயலை விற்றுக் கொடுப்போர் அநேகர். ஆனால் உண்டியலில் எவரும் எவ்வளவும் போடலாம், சபையில் முன்வரிசையும் மாலையும் தொகையைப் பார்த்தே கொடுக்கப்படும் என்றிருக்குமானால், கைநீளமுள்ளவருக்கு மரியாதை வாங்கும் கடையாகவே அவ்வாலயம் ஆகிவிடும். ஐம்பது ரூபா உபயகாரருக்கும் அதே காளாஞ்சி என்ற வழக்கத்தைப் பேணும் சிறு கோயில்கள் இவ்விடயத்தில் பெருங்கோயில்களுக்கு வழிகாட்டலாம்.

முன்னோர் வகுத்த காவல்

முன்னோர் மனிதரின் நல்ல எண்ணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. குளக்கோட்டு மன்னன் திருக்கோணேசருக்குத் தொழும்பு செய்யவெனக் குடிகளை வருவித்து, தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்கு இன்னாருக்கு இன்ன ஊழியம் என வகுத்தமையைக் கவிராசவரோதயரின் கோணேசர் கல்வெட்டு விரித்துரைக்கிறது. தம்பலகாமம் ஆதிகோணநாயகர் ஆலயத்தில் அத்தொழும்பு மரபின் கூறுகள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரு பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகிறது என்பது ஊரறிந்ததாய் இருப்பதே இத்தகைய ஏற்பாட்டின் பயன். கந்தளாய்ப் பகுதியிலே பளமோட்டையில் கண்டெடுக்கப்பட்ட முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அந்தணப் பெண்ணொருவர் கந்தளாய்ச் சிவாலயத்துக்குச் செய்த தர்மத்தைப் பதிந்து, அதனை வேளைக்காரப் படையினரின் பாதுகாப்பில் ஒப்படைக்கிறது. கொடுத்தவர் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை.

தமிழகத்தின் உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கின. உறவினரையும் சேர்த்தமை இன்றைக்குக் கடுமையாகத் தோன்றலாம். கோட்புலியார் கதையின் எதிரொலி அதில் கேட்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ அரச பணத்தை அதிகாரிகள் அபகரிக்கும் வழிகள் நாற்பது என எண்ணிக் காட்டுகிறது. திருக்குறளில் கள்ளாமை அதிகாரத்தின் பிற்பகுதியிலே "அளவு" என்ற சொல் நான்கு குறள்களில் தொடர்ந்து வருவது சிந்திக்கத்தக்கது. களவுக்கு எதிரான குணமாக வள்ளுவர் அங்கே வைப்பது அளவறிந்து நிற்றலையே.

சட்டமும் காலத்தோடு வளர்ந்துள்ளது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் அரச ஊழியரையே பெரிதும் நோக்கியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமோ தனியார் துறையில் வாங்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியதுடன், தகவல் கொடுப்போருக்குப் பாதுகாப்பும் வழங்குகிறது. "கம்பனியில் கமிசன் வாங்குவது இலஞ்சமாகாது" என இனி எவரும் கூற முடியாது. மோசடிகள் பெரும்பாலும் கணக்காய்வால் அன்றி, அறிந்த ஒருவர் வாய் திறப்பதனாலேயே வெளிவருகின்றன என்பது உலகளாவிய ஆய்வுகளில் ஆண்டுக்காண்டு காணப்படும் முடிவு. ஆகவே ஏழாம் ஆளின் தாள் எவ்வளவு பெறுமதியானது என்பதை உணரலாம்.

ஆலய நிர்வாகத்தில் இவற்றைக் கைக்கொள்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. பற்றுச்சீட்டு எழுதுபவரும் காசைக் கையில் வைத்திருப்பவரும் வெவ்வேறு ஆளாயிருத்தல் வேண்டும். உண்டியலுக்கு இரண்டு பூட்டும், இரண்டு வீடுகளில் இரண்டு திறப்பும் வேண்டும். எண்ணும்போது சபையில் இல்லாத இரு அடியார்களும் உடனிருத்தல் நன்று. நகை இருப்பை ஆண்டுக்கொருமுறை நிறுத்துப் பதிவது, அதுவும் வேறொருவரைக் கொண்டு பதிவது, பொருளாளரைச் சந்தேகிப்பதாகாது. நாளைக்கு ஒரு வதந்தி கிளம்பினால் அவரைக் காக்கப்போவது அந்தத் தாளே. பொருளாளருக்கு அவசரக் கஷ்டம் நேர்ந்தால் சபையிடம் வெளிப்படையாகக் கடன் கேட்பதற்கு யாப்பிலேயே ஒரு வழி வைத்திருப்பதும் உசிதம். கேட்க வழியில்லாத இடத்திலேதான் "மாற்றிக்கொள்ளுதல்" தொடங்குகிறது. மகோற்சவ வரவு செலவு அறிக்கை, கொடி இறங்கிய ஒரு மாதத்துக்குள் வசந்த மண்டபச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். கற்பூரத்துக்கும் வாழைக்குலைக்கும் என்ன விலை போட்டிருக்கிறது என்று விரல் வைத்து வாசிக்கும் முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டும் உயரத்தில் அதனை ஒட்டுவது நல்லது.